வெள்ளைக் கழிச்சல் என்று எழுதாதே

நாமக்கல்,
தை 12

அன்புள்ள அம்மணிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. இரண்டு பக்கத்துக்குள் 'வெள்ளைக் கழிச்சல்' என்ற சொல் ஐந்து இடத்தில் இருக்கிறது. ஐந்தையும் சிவப்பு மையால் சுழித்து வைத்திருக்கிறேன். 34 குஞ்சுகளைப் பறிகொடுத்து வருத்தத்தில் இருப்பவளிடம் ஒரு சொல்லுக்காகச் சண்டை போடலாமா என்று ராத்திரி யோசித்தேன். போடத்தான் வேண்டும். உன் அம்மாவை மருந்துக்கடைக்கு அனுப்பியது அந்தச் சொல்தான்.

'கடைக்காரர் கொடுத்த ஆன்டிபயாடிக்கை மூன்று நாள் தண்ணீரில் கலந்து வைத்தோம், சாவு நிற்கவில்லை, அவர் கொடுத்த இரண்டாவது குப்பியைத் திறக்கலாமா ஐயா' என்று கேட்டிருக்கிறாய். திறக்காதே. ஏன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். வகுப்பில் படித்ததையெல்லாம் திரும்பச் சொல்லப் போவதில்லை. கால்நடை மருத்துவத்தில் மூன்றாம் ஆண்டில் இருக்கிறாய், குஞ்சுகளைச் சூட்டில் வைத்து வளர்க்கும் புரூடர் என்றால் என்ன, முதல் வாரம் எத்தனை டிகிரி என்பதெல்லாம் உனக்குப் பாடம்.

கோழி எச்சத்தில் வெள்ளையாக இருப்பது யூரேட். சிறுநீரகத்திலிருந்து வருவது. நன்றாகத் தின்னும் குஞ்சின் எச்சத்தில் தீவனக் கழிவு நிறைய இருக்கும், அதன் தலையில் வெள்ளை கொஞ்சம் தொப்பி போலக் கவிந்திருக்கும். தின்னாத குஞ்சிடம் தீவனக் கழிவு ஏது? வெள்ளை மட்டும்தான் வரும். குளிரில் ஒடுங்கிய குஞ்சுக்கும் வெள்ளை, தாகத்தில் வறண்ட குஞ்சுக்கும் வெள்ளை, கிருமி தொற்றிய குஞ்சுக்கும் வெள்ளை. ஆக அந்த நிறம் உனக்குச் சொல்வது ஒன்றே ஒன்று: இந்தக் குஞ்சு தின்னவில்லை. ஏன் தின்னவில்லை என்பதை நிறம் சொல்லாது.

போதாததற்கு நம் ஊரில் பெயரே இரண்டாகக் கிடக்கிறது. நம் பக்கத்து ஜனங்கள் வெள்ளைக் கழிச்சல் என்றால் இராணிக்கெட்டைச் சொல்கிறார்கள். அது வைரஸ் நோய். 1920களின் பிற்பகுதியில் குமாவுன் மலையில் இராணிக்கெட் என்ற ஊரில் கண்டறியப்பட்டதால் அந்த ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது. உன் பாடப்புத்தகமோ வெள்ளைக் கழிச்சல் என்று புல்லோரம் நோயைச் சொல்கிறது. அது பாக்டீரியா, சால்மோனெல்லா வகை. ஒன்று காற்றிலும் காலடியிலும் வருவது, மற்றது தாய்க்கோழியின் முட்டைக்குள்ளிருந்தே வருவது. ஒன்றுக்குத் தடுப்பு மருந்து உண்டு, மருந்து கிடையாது. மற்றதற்கு மருந்து கொடுத்தால் சாவு குறையும், ஆனால் பிழைத்த குஞ்சு வாழ்நாள் முழுக்கக் கிருமியைச் சுமக்கும். இந்த இரண்டையும் ஒரே பெயரில் கூப்பிட்டுவிட்டு, மூன்றாவதாகக் குளிரில் பின்பக்கம் எச்சம் ஒட்டிக்கொண்ட குஞ்சையும் அதில் சேர்த்துவிட்டால், கடைக்காரர் பாவம் என்ன செய்வார்? கையில் இருப்பதைக் கொடுப்பார்.

புல்லோரத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. 1900ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லியோ ரெட்கர் என்பவர்தான் கொத்துக் கொத்தாகச் சாகும் இளங்குஞ்சுகளிலிருந்து அந்தக் கிருமியைப் பிரித்துக் காட்டினார். பிறகு பல ஆண்டு உழைப்பில், நோய் குஞ்சிடம் தொடங்கவில்லை, பார்வைக்குத் திடமாக முட்டையிட்டுக்கொண்டிருக்கும் கோழியின் சினைப்பையில் தொடங்குகிறது என்பது தெளிவாயிற்று. 1913இல் கோழியின் இரத்தத்தைச் சோதித்தே சுமப்பவளைக் கண்டுபிடிக்கும் முறை வந்தது. இன்றும் வெள்ளைத் தகட்டில் ஒரு சொட்டு இரத்தமும் ஒரு சொட்டு நிற ஆன்டிஜனும் கலந்து, இரண்டு நிமிடத்துக்குள் திரிதிரியாகக் கட்டுகிறதா என்று பார்க்கிறோமே, அதன் வேர் அங்கேதான். 1935இல் அந்த நாடு தாய்க்கோழிகளைச் சோதித்துக் கழிக்கும் திட்டத்தையே தொடங்கியது. குஞ்சின் நோயை அடக்க அவர்கள் போய் நின்ற இடம் தாய்க்கோழிக் கொட்டகை. புரூடரில் நிற்பவர்கள் இதை மறக்கவே கூடாது. குஞ்சு எங்கே சாகிறதோ அங்கேதான் காரணமும் இருக்கும் என்று கட்டாயமில்லை.

இப்போது உன்மேல் என் முக்கியமான குறை. 'ஒரு வாரத்தில் 34 செத்தது' என்று எழுதியிருக்கிறாய். எந்த நாளில் எத்தனை என்று எழுதவில்லை. கண்ணு, நாற்பது வருஷம் செத்த கோழியை அறுத்துப் பார்த்தவன் சொல்கிறேன்: புரூடரில் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'எச்சம் என்ன நிறம்' அல்ல, 'எந்த நாளில் செத்தது' என்பதுதான். என்னோடு வேலை பார்த்தவர்கள் சிலர் இதைக் கிழவனின் பிடிவாதம் என்பார்கள். அறுப்பதற்கு முன்பே பாதி விடை நாள்கணக்கில் இருக்கிறது என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் வந்ததில்லை.

முதல் இரண்டு நாளில் சாவது பெரும்பாலும் பொரிப்பகத்தின் கணக்கு, அல்லது வழியில் பட்ட பாட்டின் கணக்கு. தொப்புள் மூடாமல் ஈரமாக, வயிறு உப்பி, அறுத்தால் மஞ்சள் கரு பச்சையும் பழுப்புமாக நாறினால் அது தொப்புள் வழித் தொற்று. அது முதல் வாரம் முழுக்க நீளும். இரண்டாம் நாள் வரை அமைதியாக இருந்து, மூன்று, நான்கு, ஐந்தில் திடீரென்று எகிறி, ஆறாம் நாளில் தானாக இறங்கினால், அவை தின்னவே தொடங்காத குஞ்சுகள். வயிற்றுக்குள் கொண்டுவந்த மஞ்சள் கரு மூன்று நாளைக்குத் தாங்கும், அதற்குமேல் தாங்காது. புல்லோரம் இப்படித் தானாக இறங்காது, இரண்டாம் வாரத்துக்கும் மூன்றாம் வாரத்துக்கும் ஏறிக்கொண்டே போகும். இரத்தக் கழிச்சல் முதல் வாரத்தில் வருவது மிக அரிது. அதை உண்டாக்கும் காக்சிடியா ஒட்டுண்ணியின் முட்டை ஈரக் கூளத்தில் கிடந்து பக்குவப்பட ஒன்றிரண்டு நாள் வேண்டும், குஞ்சின் குடலுக்குள் போய் இரத்தம் காட்ட மேலும் நாலைந்து நாள் வேண்டும். ஐந்தாம் நாள் குஞ்சுக்குக் காக்சிடியா மருந்து கொடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

நாள்கணக்கு உன் கடிதத்தில் இல்லாததால் உன் அம்மாவுக்கே போன் செய்தேன். அவர் 'இருங்க ஐயா' என்று சொல்லிப் பால் கணக்கு நோட்டை எடுத்து வந்தார். பால் ஊற்றிய லிட்டருக்குப் பக்கத்திலேயே ஒவ்வொரு நாளும் செத்த குஞ்சை எழுதி வைத்திருக்கிறார்: 2, 1, 6, 11, 9, 3, 2. கூட்டிப் பார், 34 வருகிறது. கல்லூரிக்குப் போகாத உன் அம்மா எழுதிய அந்த ஏழு எண்கள் உன் இரண்டு பக்கத்தைவிட எனக்குப் பெரிய ஆவணம். அந்த நோட்டைப் பத்திரமாக வை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், 1980களின் நடுவில், ராசிபுரம் பக்கம் ஒரு தோட்டத்தில் 500 குஞ்சு விட்டிருந்தார்கள். தினம் காலையில் ஒரே மூலையில் பத்துப் பதினைந்து செத்துக் கிடக்கும். பகலில் ஒன்றுகூடச் சாகாது. பன்னிரண்டு குஞ்சை அறுத்தேன். ஒன்றிலும் கிருமி நோயின் அடையாளம் இல்லை. இருந்தும் நான்கு நாள் மருந்து கொடுக்கச் சொன்னேன், ஏதாவது கொடுக்காமல் எப்படி என்ற எண்ணம் அப்போது எனக்கும் இருந்தது. ஐந்தாம் நாள் ராத்திரி அந்தக் கொட்டகையிலேயே கயிற்றுக்கட்டிலைப் போட்டுப் படுத்தேன். இரண்டரை மணிக்குக் கொல்லிமலைப் பக்கமிருந்து காற்று திரும்பியது. சுவரின் அடியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், செங்கல் பெயர்ந்து ஓர் ஓட்டை. அதன் வழியே கத்தி போலக் காற்று புகுந்தது. நின்றுகொண்டிருந்த என் முகத்துக்கு ஒன்றும் தெரியவில்லை, குனிந்து தரையில் கை வைத்தபோதுதான் தெரிந்தது. குஞ்சுகள் எல்லாம் எதிர் மூலைக்கு ஓடி ஒன்றின்மேல் ஒன்று ஏறின. அடியில் இருப்பவை மூச்சு முட்டிச் செத்தன. ஒரு சாக்கை மடித்து ஓட்டையில் அடைத்தோம். மறுநாள் காலையில் ஒரு சாவும் இல்லை.

அன்றிலிருந்து யார் என்னிடம் புரூடர் நோய் என்று வந்தாலும், ராத்திரி இரண்டு மணிக்கு அங்கே உட்கார்ந்து பார்த்தீர்களா என்று கேட்கிறேன். சுவரில் ஆணி அடித்து நம் கண் உயரத்தில் வெப்பமானியை மாட்டுவதால் யாருக்கு என்ன பயன்? குஞ்சின் முதுகு தரையிலிருந்து இரண்டு அங்குலம். 95 டிகிரி ஃபாரன்ஹீட் அங்கே வேண்டும்.

கிருமியைத் தேடிக்கொண்டிருந்தவருக்கு விடை வேறு இடத்தில் கிடைத்த கதைகளில் எனக்கு மிகப் பிடித்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன் வகுப்பில் இதைப் பெயரளவில் சொல்லிப் போயிருப்பார்கள். கிறிஸ்டியான் எய்க்மன் ஒரு டச்சு மருத்துவர். 1880களின் இறுதியில் ஜாவாவில், இன்றைய ஜகார்த்தாவான பட்டாவியாவில், இராணுவ மருத்துவமனையோடு சேர்ந்த ஆய்வுக்கூடத்தில் இருந்தார். சிப்பாய்களும் கைதிகளும் பெரிபெரியில் கால் விழுந்து இதயம் நின்று செத்துக்கொண்டிருந்தார்கள். அது பாஸ்டர், கோக் காலம், எல்லா நோய்க்கும் ஒரு கிருமி இருக்க வேண்டும் என்று உலகமே நம்பியது. எய்க்மனும் பெரிபெரிக் கிருமியைத் தேடிக் கோழிகளுக்கு ஊசி போட்டார். கோழிகள் தள்ளாடின, கால் மடிந்தது, கழுத்து திரும்பியது. கிடைத்துவிட்டது என்றே தோன்றியிருக்கும். ஆனால் ஊசி போடாத கோழிகளும் அதேபோல விழுந்தன. சரி, கூண்டுக்குக் கூண்டு தொற்றுகிறது என்று பிரித்து வைத்தார். பிரித்தவையும் விழுந்தன. பிறகு ஒருநாள் நோய் தானாக நின்றுவிட்டது. விழுந்து கிடந்த கோழிகளும் எழுந்தன.

இங்கேதான் அவர் பெரிய மனிதர். நோய் நின்றது நல்லது என்று விட்டுவிடாமல், எந்தத் தேதியில் நின்றது, அந்தத் தேதியில் என்ன மாறியது என்று பின்னோக்கிப் போனார். கோழிகளைப் பார்த்துக்கொண்டவன் சிக்கனத்துக்காக மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய வெள்ளைச் சோற்றைப் போட்டு வந்திருக்கிறான். இடையில் புதுச் சமையல்காரர் வந்தார். இராணுவத்துச் சோற்றை இராணுவத்தைச் சேராத கோழிகளுக்குத் தர முடியாது என்று மறுத்துவிட்டார். அதனால் தீட்டாத அரிசிக்கு மாறினார்கள். கோழிகள் பிழைத்தன. பிறகு ஃபோர்டர்மன் என்ற அதிகாரி ஜாவாவின் சுமார் நூறு சிறைகளில் கைதிகள் தின்னும் அரிசியைக் கணக்கெடுத்தபோது மனிதரிடமும் அதே கதை தெரிந்தது. எய்க்மன் முதலில் வெள்ளை அரிசியில் ஏதோ நஞ்சு, தவிட்டில் அதற்கு மாற்று என்றுதான் நினைத்தார். 1901இல் அவருக்குப் பின் வந்த கிரெய்ன்ஸ்தான் தவிட்டில் இருப்பது உயிருக்கு வேண்டிய ஒன்று, அது இல்லாததே நோய் என்று சரியாகச் சொன்னார். 1929இல் எய்க்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. வைட்டமின் என்ற துறையே ஒரு கோழிக் கொட்டகையின் தீவனக் கணக்கிலிருந்து கிளம்பியது, அம்மணி! இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

பழங்கதை என்று ஒதுக்காதே. இரத்தக் கழிச்சலுக்கு ஆம்புரோலியம் கொடுக்கிறோமே, அது எப்படி வேலை செய்கிறது? அதன் வடிவம், எய்க்மன் கதையில் தவிட்டில் இருந்த தயாமின் போன்றது. காக்சிடியா ஏமாந்து தயாமினுக்குப் பதில் அதை எடுத்துக்கொண்டு பட்டினியில் சாகிறது. அளவுக்கு மீறி, நாள்கணக்கில்லாமல் கொடுத்தால் அந்தப் பட்டினி குஞ்சுக்கும் வரும். பட்டாவியாவில் எய்க்மன் பார்த்த அதே தள்ளாட்டம் உன் புரூடரில் நடக்கும். உன் அம்மா முதல் வாரம் முழுக்க நொய்யரிசி மட்டும் போட்டதாக எழுதியிருக்கிறாய். குஞ்சுத் தீவனம் வாங்கு. நொய்யில் தவிடும் இல்லை, வேண்டிய புரதமும் இல்லை. இந்த 34 சாவுக்கு அது முதற்காரணம் அல்ல, ஆனால் இன்னும் இரண்டு வாரம் இப்படியே போனால் விரல் மடங்கிய குஞ்சுகளை எனக்குப் படம் பிடித்து அனுப்புவாய்.

பூஞ்சைக் காளானைப் பற்றியும் கேட்டிருந்தாய். மழையில் நனைந்து முடை அடித்த கடலைத்தோலைக் கூளமாகப் போட்டால் வரும். குஞ்சு வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கும், ஆனால் கொரகொரப்புச் சத்தம் இருக்காது. அறுத்தால் நுரையீரலில் கேழ்வரகு போல மஞ்சள் வெள்ளைப் புள்ளிகள். குஞ்சிடமிருந்து குஞ்சுக்குத் தொற்றாது, மருந்தும் பலிக்காது. கூளத்தை வாரிக் கொட்ட வேண்டியதுதான். உன் அம்மா போட்டிருப்பது காய்ந்த தேங்காய் நார்த் தூள் என்றார், ஆகவே இதை விட்டுவிடலாம்.

இனி உன் வீட்டுக் கணக்குக்கு வருகிறேன். முதல் இரண்டு நாளில் மூன்று, அது பேருந்தில் அட்டைப்பெட்டியில் வந்த அலுப்பு. மூன்றாம் நாளிலிருந்து 6, 11, 9, பிறகு தானாக 3, 2. இராணிக்கெட் என்றால் இப்படி இறங்கியிருக்காது, மூக்கிலும் மூச்சிலும் ஏதாவது காட்டியிருக்கும். நீங்கள் மருந்தைத் தொடங்கியது ஐந்தாம் நாள். ஆறாம் நாள் சாவு குறைந்ததால் மருந்து கேட்டது என்று கடைக்காரர் சொல்வார். நீயோ சாவு நிற்கவில்லை என்கிறாய். இரண்டும் தவறு. தின்னாதவை சாக வேண்டிய நாளில் செத்து முடிந்தன, அவ்வளவுதான்.

தீவனமும் தண்ணீரும் முன்னால் இருக்க ஏன் தின்னவில்லை? உன் கடிதத்தில் ஒரு வரி: 'நான்கு பல்பு தொங்குகிறது, உள்ளே பகல் போல வெளிச்சம்.' அந்த வரியில்தான் நான் நின்றேன். போனில் உன் அம்மாவிடம் என்ன பல்பு என்று கேட்டேன். 'வெள்ளையா பளிச்சுனு எரியுதுங்க ஐயா, கரண்ட் கம்மியா ஆகும்னு கடையில குடுத்தாங்க' என்றார். ஒன்பது வாட் எல்.இ.டி. பல்புகள். நான்கும் சேர்ந்து 36 வாட். குஞ்சு ஒன்றுக்கு ஒரு வாட்டிலிருந்து இரண்டு வாட் என்று நாம் கணக்குப் போடுவது குண்டு பல்பை வைத்து. அது தின்னும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெப்பமாகத்தான் போகும், அந்த வீண் வெப்பம்தான் குஞ்சுக்குத் தாய். உங்கள் 200 குஞ்சுக்கு 200 வாட்டாவது வேண்டிய இடத்தில், 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கும் தை மாத ராத்திரியில், வெறும் வெளிச்சத்தை மாட்டியிருக்கிறீர்கள். குளிர்ந்த குஞ்சு தீவனத்தைத் தேடாது, ஒடுங்கித்தான் நிற்கும். பின்பக்கம் எச்சம் ஒட்டும். நீ அதைப் பார்த்துவிட்டு வெள்ளைக் கழிச்சல் என்று எழுதினாய். உன் அம்மாவைக் குறை சொல்லாதே, குண்டு பல்பு இப்போது எளிதில் கிடைப்பதில்லை. படித்த நீ கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. சனி ஞாயிறில் வீட்டுக்குப் போனபோது ஒரு குஞ்சைக் கையில் எடுத்து அதன் பாதத்தை உன் கன்னத்தில் வைத்துப் பார்த்திருந்தால் சில்லென்று இருந்திருக்கும். முதல் நாள் சாயங்காலம் இருபது குஞ்சின் தீனிப்பையை விரலால் தடவியிருந்தால் பாதி வெறுமையாக இருந்திருக்கும். இந்த இரண்டுக்கும் கருவி வேண்டாம், ஆய்வகம் வேண்டாம்.

செய்ய வேண்டியது இது. இன்றைக்கே 250 வாட் அகச்சிவப்பு பல்பு ஒன்றை வாங்கி, தகடு வளையத்தின் நடுவே தொங்கவிடச் சொல். ஒன்று பழுதானால் மாட்ட இன்னொன்று கையில் இருக்கட்டும். குஞ்சு வளையம் முழுக்கப் பரவி நின்றால் சரியான உயரம், பல்படியில் குவிந்தால் இறக்கு, வாயைத் திறந்து ஓரத்துக்கு ஓடினால் ஏற்று. மின்சாரம் போகும் ராத்திரிக்கு மண்சட்டியில் நன்றாகக் கனிந்த கரி வைக்கலாம், புகை வெளியேற மேலே வழி இருக்க வேண்டும். முதல் வாரத்து இராணிக்கெட் சொட்டு மருந்தைக் கண்ணில் விட்டார்களா என்று நீ எழுதவில்லை. விடவில்லை என்றால் குஞ்சுகள் தேறியதும் விடு. பெரிய கோழிக்குப் போடும் ஊசி மருந்தை எவர் சொன்னாலும் இந்த வயதில் போடாதே, அந்த மருந்தே இவற்றைக் கொல்லும்.

நான் அறுத்துப் பார்க்காமல் சொல்லியிருக்கிறேன், ஆகவே என் தீர்ப்பை நீ சோதிக்க வேண்டும். நாளை ஏதேனும் செத்தால் தீனிப்பை, தொப்புள், மஞ்சள் கரு, நுரையீரல், சிறுநீரகம் இந்த வரிசையில் பார்த்து எழுதி வை. இதயத்தின் மேலும் ஈரலின் மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல இருந்தால் தண்ணீர் போதாமல் வந்த யூரேட் படிவு, உடனே போன் செய். பல்பு மாற்றி மூன்று நாளுக்குப் பிறகும் சாவு தொடர்ந்தால் நான் சொன்னது தவறு. அப்போது வாடிய குஞ்சு மூன்று நான்கை உயிரோடும், அன்றே செத்ததை ஐஸ் மேல் வைத்து உறையவிடாமலும் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் கோழிநோய் ஆய்வகத்துக்கு எடுத்து வா. அதுவரை இனி மருந்து எதுவும் கொடுக்கக் கூடாது, கொடுத்த குஞ்சிலிருந்து ஆய்வகத்தில் கிருமி வளராமல் போகலாம்.

ஆன்டிபயாடிக்கைக் கண்டபடி கொடுக்காதே என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2019இல் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை உணவுக்கான கால்நடைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று இந்திய அரசு தடை செய்தது. மனிதருக்கு வேறு எதுவும் கேட்காதபோது கடைசியாக எடுக்கும் மருந்து அது, அதைக் கோழித் தண்ணீரில் கலந்துகொண்டிருந்தோம். நீ இன்னும் இரண்டு வருஷத்தில் மருந்துச் சீட்டு எழுதப் போகிறவள், இதை மறக்காதே.

உன் குஞ்சுகளுக்கு இன்று ஒன்பதாம் நாள். இனி டிரிங்கரைச் சுற்றி நனையும் கூளத்தைத் தினமும் அள்ளி மாற்றச் சொல், இரத்தக் கழிச்சலின் காலம் அடுத்த வாரம் தொடங்குகிறது. திறக்காத குப்பியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்துப் பல்பு வாங்கச் சொல். பால் நோட்டில் எண் எழுதுவதை உன் அம்மா நிறுத்த வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்கிறேன், அன்றுவரையிலான எண்களை நீயே எனக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
உன் ஆசிரியன்